திறந்தவெளிப் புகையும் பிள்ளைகளின் கண்களும்: மலேசியாவில் ஒரு நெடுங்கதை

நலக்கல்விப் பாடத்தில் புகைத்தலின் தீமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்டே தீரும்: "சார், அவங்க வெளியில நின்னுதானே ஊதுறாங்க? புகைதான் காத்துல போயிடுதே, அப்புறம் எதுக்குத் தடை?"

நியாயமான கேள்விதான். "அது தப்புப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் பிள்ளைக்குத் திருப்தி ஏற்படாது. இதற்கான முழு விடை அறிவியல் பாடத்தில் மட்டும் இல்லை, வரலாற்றிலும் இருக்கிறது. புகைத்தலுக்கு எதிரான சட்டம் முதலில் புகைப்பவரின் நெஞ்சைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கைப் பார்த்தது. கடைசியாகத்தான் எதிரில் நிற்கும் பிள்ளையின் கண்ணைப் பார்த்தது. அந்த மூன்றாவது இடத்துக்கு வந்துசேர எவ்வளவு காலம் பிடித்தது, நடுவில் யார் யார் புகுந்து விளையாடினார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தோட்டத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை

தோட்ட வாழ்க்கையில் புகையிலை எங்கும் இருந்தது. ஆண்களுக்கு பீடி, சுருட்டு, பிறகு சிகரெட். பெண்களுக்கு வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலை. லயத்து வாசலில், கள்ளுக்கடைப் பக்கம், கோயில் திடல் ஓரத்தில் என்று புகைத்தல் முழுக்க முழுக்க திறந்தவெளியில் நடந்த ஒன்று. ஒளித்துச் செய்யவேண்டிய காரியம் என்று பெரியவர்கள் யாரும் நினைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேலையும் இருந்தது. "டேய், கடைக்கு ஓடிப்போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா" என்று அப்பா சில்லறையைக் கையில் கொடுப்பார். கடைக்காரரும் பெட்டியைப் பிரித்து உதிரியாக எடுத்துக் கொடுப்பார். மிச்சச் சில்லறைக்கு மிட்டாய். அந்த மிட்டாய்களிலேயே வெள்ளைக் குச்சியாய், நுனியில் சிவப்புச் சாயம் வைத்த 'சிகரெட் மிட்டாய்' ஒன்றும் உண்டு. அதை வாயில் வைத்து ஊதிக் காட்டினால் பெரியவர்கள் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டில் சிகரெட்டையும் அடுக்கி வைப்பார்கள். தட்டை ஏந்திக்கொண்டு பந்தலைச் சுற்றி வருவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான்.

இதைச் சொல்வது நம் முன்னோரைக் குறை கூறுவதற்காக அல்ல. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டனில் ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் வெளியிட்டதே 1950ஆம் ஆண்டில்தான். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் புகழ்பெற்ற அறிக்கை 1964இல் வந்தது. அந்தச் செய்தி ரப்பர் காட்டுக்குள் வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவும் 'புகைப்பவனுக்கு ஆபத்து' என்ற அளவில்தான் வந்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து என்ற பேச்சு 1981இல்தான் வலுவடைந்தது. புகைக்கும் கணவர்களின் மனைவியர், தாங்கள் புகைக்காவிட்டாலும் நுரையீரல் புற்றுநோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள் என்று ஜப்பானின் தக்கேஷி ஹிராயாமா அப்போது எடுத்துக் காட்டினார்.

நாட்டின் நிலைமையும் இரண்டு பக்கமாக இழுத்தது. கிளந்தானில் ஏராளமான குடும்பங்கள் புகையிலைப் பயிரை நம்பி வாழ்ந்தன. அந்தத் தொழிலைக் கவனிக்கவே 1973இல் தேசியப் புகையிலை வாரியம் அமைந்தது. ஒரு கை பயிரை வளர்த்தது, இன்னொரு கை 'புகைக்காதீர்' என்று சுவரொட்டி ஒட்டியது.

பந்துக்குப் பின்னால் ஒரு பெட்டி

80களிலும் 90களிலும் வளர்ந்த ஆசிரியர்களுக்கு அடுத்த கட்டம் நன்றாகவே நினைவிருக்கும். தொலைக்காட்சியில் நேரடியாக சிகரெட்டைக் காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்றானதும், நிறுவனங்கள் வேறு வழியைப் பிடித்தன. சிகரெட்டைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டின. பீட்டர் ஸ்டைவசன்ட் சுற்றுலா விளம்பரமாக வந்தது. மார்ல்போரோ உடை விளம்பரமாக வந்தது. சேலம் பெயரில் வெளிநாட்டுப் பாடகர்களின் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. திரையில் ஒரு சிகரெட்கூட இல்லை. ஆனால் பெட்டியின் நிறமும் எழுத்தும் அப்படியே இருந்தன.

எல்லாவற்றையும்விடப் பெரியது பந்து விளையாட்டு. 1989 முதல் 2004 வரை நம் நாட்டுக் காற்பந்து லீக்கின் பெயரே டன்ஹில் லீக். பிள்ளைகள் உயிராய் நேசித்த ஆட்டம், மாநில அணி, கோல் அடித்த நாயகன் என எல்லாவற்றோடும் ஒரு சிகரெட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பெயரும் சேர்ந்தே வாயில் வந்தது. 15 ஆண்டுகள் என்றால் ஒரு பிள்ளை பிறந்து, தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் படிவம் 3 வரை வந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு வாசலும் திறந்திருந்தது. அது தமிழ்ச் சினிமா. ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும் ஸ்டைலை, சுண்ணக்கட்டியை வைத்துப் பழகிப் பார்க்காத பையன்கள் அந்தக் காலத் தமிழ்ப்பள்ளிகளில் குறைவு. பிள்ளை கற்றுக்கொண்டது நிக்கோட்டின் சுவையை அல்ல. 'ஆம்பிளைன்னா இப்படித்தான் நிக்கணும்' என்ற ஒரு நிற்கும் விதத்தை.

சட்டம் மெல்ல மெல்ல வந்தது

1993ஆம் ஆண்டில் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கத் தடை, சில பொது இடங்களில் புகைக்கத் தடை, நேரடி விளம்பரத்துக்குத் தடை. மேலே சொன்ன 'பெயரை மட்டும் காட்டும்' தந்திரத்துக்கு அதில் சரியான பூட்டு இல்லை. அந்தப் பூட்டு 2004 விதிமுறைகளில்தான் விழுந்தது. டன்ஹில் பெயர் காற்பந்தை விட்டு விலகியதும் அதே ஆண்டில்தான். 'தாக் நாக்' என்ற புகைத்தல் எதிர்ப்பு இயக்கத்தை அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி தொடங்கி வைத்ததும் அந்த ஆண்டே. அடுத்த ஆண்டு, அதாவது 2005இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா உறுதிப்படுத்தியது.

அதன் பிறகு படிகள் கொஞ்சம் வேகமாக வந்தன. 2009இல் பெட்டிமேல் நோய்ப் படங்கள். 2010இல் 20 குச்சிக்குக் குறைவான சின்னப் பெட்டிகளுக்குத் தடை. இந்தச் சின்னப் பெட்டிக்கு உலகம் முழுக்கக் 'கிட்டி பேக்' என்று பெயர் இருந்தது. பிள்ளையின் கைச்செலவுக் காசுக்கு ஏற்ற பெட்டி என்று பொருள். எவ்வளவு பச்சையான பெயர் பாருங்கள்.

இந்த நீண்ட காலம் முழுக்க பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஓயாமல் குரல் கொடுத்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019இல் காலமான எஸ்.எம். முகமது இத்ரிஸ், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்.

அக்கரையில் என்ன நடந்தது

சிங்கப்பூர் இதே வழியில் நமக்கு முன்னால் நடந்தது. 1970லேயே திரையரங்குகளிலும் பேருந்துகளிலும் புகைக்கத் தடை. 1971இல் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. இவை பெரும்பாலும் மூடிய இடங்கள். திறந்தவெளிப் பக்கம் சட்டம் நடந்துபோன பாதைதான் நமக்குப் பாடம். 2009இல் சிறுவர் விளையாட்டு இடங்கள். 2013இல் அடுக்குமாடி வீடுகளின் பொது நடைபாதை, படிக்கட்டு, கீழ்த்தளம், மேம்பாலம், பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 5 மீட்டர். 2016இல் குடியிருப்புப் பகுதிப் பூங்காக்கள். 2019இல் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம். 2022இல் எல்லாப் பொதுப் பூங்காக்களும் 10 கடற்கரைகளும்.

இந்தப் பட்டியலை ஒரு பிள்ளையின் ஒரு நாளோடு வைத்துப் பாருங்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் நடைபாதை, படிக்கட்டு, கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், மாலையில் விளையாட்டு இடம், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. பிள்ளை நடக்கும் பாதையைச் சட்டம் ஒவ்வொரு துண்டாகப் பின்தொடர்ந்து வந்தது தெரியும்.

சாப்பாட்டுக் கடை மேசை

நம் நாட்டில் 2017இல் பொதுப் பூங்காக்களும் விளையாட்டு இடங்களும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் மலேசியப் பிள்ளை பெரியவர்கள் புகைப்பதை அதிகம் பார்த்த இடம் பூங்கா அல்ல, சாப்பாட்டுக் கடை. மாமாக் கடை, ஒட்டுக்கடை, சீனர் காப்பிக் கடை எல்லாம் பாதி திறந்தவெளிதான். குடும்பத்தோடு ரொட்டி சானாய் சாப்பிடும்போது அடுத்த மேசையில் நான்கு பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவுக் கடைகளிலும், திறந்தவெளிக் கடைகள் உட்பட, புகைக்கத் தடை வந்தது. புகைக்க வேண்டுமானால் கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போகவேண்டும். முதல் ஆண்டு முழுக்க எச்சரிக்கை, விளக்கம் மட்டுமே. 2020 ஜனவரி முதல் அபராதம், 250 வெள்ளி.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 'எங்களுக்கும் உரிமை இருக்கிறது' என்று புகைப்பவர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2019இல் உயர்நீதிமன்றம் அவர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தையும் நாம் சிரித்து ஒதுக்கக்கூடாது. சிறு கடை நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

தடையால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மேசையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக்கு வந்தார்கள். கடைக்குள் புகை குறைந்தது, உண்மை. ஆனால் பள்ளி விட்டு நடந்துபோகும் பிள்ளையின் பாதை அந்தச் சாலையோரம்தானே? 3 மீட்டர் மூக்குக்குப் போதும். கண்ணுக்குப் போதாது.

கண் ஏன் முக்கியம்?

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். 'புகை காற்றில் போய்விடுகிறதே?' பாதி உண்மை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் திறந்தவெளிப் புகையை அளந்து பார்த்தார்கள். புகைப்பவருக்கு ஓரிரு அடிக்குள், காற்று வீசும் பக்கம் உட்கார்ந்தால், வெளியிடத்திலும் புகையின் அளவு அறைக்குள் இருப்பதற்கு இணையாக ஏறுகிறது. ஏறத்தாழ 6 அடிக்கு அப்பால் வெகுவாகக் குறைகிறது. ஆக, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு "வெளியிலதானே ஊதுறேன்" என்பது செல்லாது. தூரத்தில் நிற்பவரின் புகை உடம்பைப் பெரிதாகத் தாக்காது என்பதும் நியாயமே.

அந்தத் தூரத்திலும் வேலை செய்வது பார்வை. 1961இல் அதே ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டுரா நடத்திய பொம்மைச் சோதனை ஆசிரியர் பயிற்சியில் நாம் எல்லாரும் படித்ததுதான். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தனியே விட்டதும் அதே மாதிரி அடித்தன. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் 'செய்' என்று சொல்லவில்லை. சோதனை சிகரெட்டைப் பற்றியது அல்ல. ஆனால் பிள்ளை பெரியவர்களைப் பார்த்தே கற்கிறது என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

1991இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் நேரடியானது. ஒட்டகக் கார்ட்டூன் ஒன்றை விளம்பரமாக வைத்திருந்தது கேமல் சிகரெட். 6 வயதுப் பிள்ளைகளில் 91 விழுக்காட்டினர் அந்த ஒட்டகத்தை சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள். மிக்கி மவுஸை அடையாளம் கண்ட அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த வயதில் ஒரு பிள்ளையும் சிகரெட் வாங்கப் போவதில்லை. ஆனால் 'இது உலகத்தில் சாதாரணமாக இருக்கும் ஒன்று' என்பது மனத்தில் பதிந்துவிட்டது.

திறந்தவெளியில் புகைப்பவரும், தன்னை அறியாமலே, அதே விளம்பரத்தைத்தான் செய்கிறார். காசு வாங்காத விளம்பரம். அதுவும் பிள்ளைக்குப் பிடித்த மாமாவாகவோ, கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கும் அண்ணனாகவோ, பள்ளி வாசலுக்கு வெளியே காருக்குப் பக்கத்தில் நிற்கும் வாத்தியாராகவோ இருந்தால், டன்ஹில் லீக்கைவிட அந்த விளம்பரத்துக்கு வலு அதிகம்.

பழைய கதை, புதிய வாசனை

இவ்வளவு தூரம் வந்தபின் 'அப்பாடா' என்று உட்கார முடியவில்லை. தேசியச் சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் சிகரெட் புகைப்பவர்கள் 2017இல் 13.8 விழுக்காடு. 2022இல் அது 6.2ஆகக் குறைந்தது. நல்ல செய்தி. அதே காலத்தில் மின்சிகரெட், அதாவது பிள்ளைகள் சொல்லும் 'வேப்', 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9க்கு ஏறியது. 35 பேர் உள்ள ஒரு வகுப்பில் ஐந்து பேர்.

2022 ஜூலையில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 2007ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட்டோ வேப்போ விற்கக்கூடாது என்பது அதன் மையம். ஒரு தலைமுறையே புகையைத் தொடாமல் வளரட்டும் என்ற எண்ணம். மசோதா தேர்வுக்குழுவுக்குப் போனது, தேர்தல் வந்தது, அரசு மாறியது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுக்கு அது முரணாகலாம் என்ற கருத்து எழுந்தது. 2023 நவம்பரில் மக்களவை சட்டத்தை நிறைவேற்றியபோது அந்தத் தலைமுறைப் பிரிவு அதில் இல்லை.

அதற்கு நடுவே இன்னொன்று நடந்தது. 2023 மார்ச் 31இல் திரவ நிக்கோட்டின் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. வேப் திரவத்துக்கு வரி விதிக்க அது வழி செய்தது. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு வேப் விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம், 852ஆம் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1இல். இடையில் 18 மாதம். நிக்கோட்டின் கலந்த வேப்பைப் பள்ளிப் பிள்ளைக்கு விற்பதைத் தடுக்க நாடு தழுவிய சட்டம் எதுவும் அந்தக் காலத்தில் இல்லை. ஒன்றரை ஆண்டு என்பது நமக்குச் சின்னக் காலம். ஆண்டு 6இல் இருந்த பிள்ளைக்கு அது இடைநிலைப்பள்ளியின் முதல் நண்பர்கள், முதல் பழக்கங்கள் அமையும் காலம்.

852ஆம் சட்டம் இப்போது வேப்பையும் சிகரெட்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. புகைத்தல் தடை செய்யப்பட்ட இடத்தில் வேப் பிடிப்பதும் குற்றம். 2025 ஏப்ரல் முதல் கடைகளில் இவற்றைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கவும் கூடாது. சட்டம் மறுபடியும் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறது, கவனியுங்கள். ஆனால் வெளியில் நிற்கும் இளைஞரின் கழுத்தில் தொங்கும் வண்ணக் கருவியும், மாம்பழ வாசனையோடு எழும் வெள்ளை மேகமும் இன்னும் பிள்ளையின் கண்ணில் படுகின்றன. சிகரெட் நாற்றத்தைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, இதை வாசம் பிடித்துப் பார்க்கிறது.

அந்த மசோதா காக்க நினைத்த பிள்ளைகளில் மூத்தவர்கள், 2007இல் பிறந்தவர்கள், 2025இல் 18 வயதை எட்டினார்கள். இப்போது அவர்கள் கடைக்குப் போய்ச் சட்டப்படி வாங்கலாம்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

ஆண்டு 5, 6 பிள்ளைகளுக்கு ஏற்ற சில நடவடிக்கைகள்:

1. காலக்கோடு: 1950 முதல் 2025 வரை மேலே உள்ள ஆண்டுகளைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நிகழ்வும் நெஞ்சு, மூக்கு, கண் ஆகிய மூன்றில் எதைக் காத்தது என்று பிள்ளைகள் வண்ணம் தீட்டட்டும்.

2. தாத்தா பாட்டி நேர்காணல்: "உங்க காலத்துல யார் யார் எங்கே புகைச்சாங்க? பிள்ளைங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தோட்ட வரலாறும் சேர்ந்து வரும்.

3. கண்காணிப்புப் பதிவு: வீட்டிலிருந்து பள்ளிவரை ஒரு வாரம், புகைத்தலோ வேப்போ எத்தனை இடத்தில் கண்ணில் பட்டது என்று எண்ணிக்கை மட்டும் குறிக்கட்டும். ஆள் பெயர், படம் வேண்டாம். பெரியவர்களிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். அந்த எண்களைக் கணிதப் பாடத்தில் பட்டைக் குறிவரைவாக மாற்றலாம்.

4. விவாதம்: 'திறந்தவெளியில் புகைப்பது தனிமனித உரிமை.' இரு பக்கமும் பேசட்டும். எதிர்ப்பக்கத்தின் வாதத்தை மதித்துக் கேட்கப் பழகுவதும் நன்னெறிதான்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பா புகைப்பவராக இருப்பார். 'புகைப்பவன் கெட்டவன்' என்று நாம் சொன்னால், பிள்ளைக்குக் கேட்பது 'உன் அப்பா கெட்டவர்' என்பதுதான். அப்புறம் அந்தப் பிள்ளை நம்மையும் நம்பாது, பாடத்தையும் நம்பாது. அப்பா சின்ன வயதில் எதைப் பார்த்து வளர்ந்தார், அவர் கண்முன் யார் யார் என்னென்ன காட்டினார்கள் என்பதை வரலாறாகச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு விடறது கஷ்டம்டா, அவரும் உன் வயசுலதான் இதைப் பார்த்தாரு" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். சுகாதார அமைச்சின் மருந்தகங்களில் புகைப்பதை நிறுத்த உதவி கிடைக்கிறது என்ற செய்தியும் பிள்ளை வழியே வீட்டுக்குப் போகும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி வேலிக்குள் புகைப்பதைச் சட்டம் தடுக்கிறது. வேலிக்கு வெளியே நிற்கும் ஆசிரியரை, வேன் ஓட்டுநரை, பிள்ளையை ஏற்றிப்போக வந்த பெற்றோரை எல்லா இடத்திலும் சட்டம் தடுக்காது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, காலை 7 மணிக்கும் மதியம் பள்ளி விடும் நேரத்துக்கும் வாசல் பக்கம் யாரும் புகைக்காமல், வேப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.